ஆற்றைத் திருப்பிய தெய்வங்கள்

கடவுளருக்குச் சாவு உண்டா? உண்டு என்கிறது வரலாறு!

ஒலிம்பஸ் என்றொரு மலை. அதன் உச்சியிலே, முகில்களுக்கும் மேலே, மாளிகை அமைத்து, அமுதுண்டு, ஆட்சி நடத்தினராம் கிரேக்கத்துக் கடவுளர் பன்னிருவர். இடியை ஏந்திய ஜீயஸ், அவன் துணைவி ஹீரா, கடலாண்ட பொசைடன், அறிவுக்கும் போருக்கும் உரிய அதீனா, வில்லேந்திய அப்போலோ, காதலுக்கு அதிபதியான அஃப்ரோடைட்டி என்று நீளும் அந்தப் பட்டியல். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மக்கள் கூட்டம் அவர்களை நம்பிற்று. போருக்குப் புறப்படுமுன் பலியிட்டது; கப்பல் ஏறுமுன் நேர்ந்துகொண்டது; விதைக்கும்போது வேண்டியது; அறுக்கும்போது படைத்தது. பொன்னாலும் தந்தத்தாலும் ஃபிடியாஸ் என்னும் சிற்பி ஒலிம்பியாவில் சமைத்த ஜீயஸின் சிலை, உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றெனப் போற்றப்பட்டது.

இன்று? மலை இருக்கிறது, உயரம் 2,917 மீட்டர். மாளிகையைத்தான் காணோம்! பொற்சிலை அழிந்தது. கி.பி. 391, 392 ஆண்டுகளில் ரோமப் பேரரசன் தியோடோசியஸ் பிறப்பித்த ஆணைகள் பலிபீடத்து நெருப்பை அணைத்தன. ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான், அதீனாவின் கோயில், அது மாதா கோயிலாயிற்று, பின்னர் மசூதியாயிற்று, 1687-இல் வெடிமருந்து சேர்த்து வைக்கும் இடமாக இருந்தபோது பீரங்கிக் குண்டு விழுந்து பிளந்தது. தன் வீட்டைக் காத்துக்கொள்ள அதீனா ஈட்டியோடு வரவில்லை. இக்காலத்தில் ஒரு சிறு கூட்டத்தார் அந்தப் பழைய வழிபாட்டை மீண்டும் நடத்திப் பார்க்கின்றனர் என்பது மெய்யே. ஆனால், ஜீயஸுக்கு அஞ்சி நடுங்கும் நாடு என்று ஒன்று இவ்வுலகில் இல்லை.

"கோம்பையிலே உட்கார்ந்துகொண்டு கிரேக்கத்துக் கடவுளுக்குக் கருமாதி செய்வானேன்?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். செத்த கடவுளரைப் பற்றிப் படிப்பதிலே ஒரு பெரும் பயன் உண்டு. அவர்கள் எப்படிப் பிறந்தார்கள், எப்படி வளர்ந்தார்கள் என்பதை அச்சமின்றி ஆராயலாம். ஆராய்ந்தால் கோபித்துக்கொள்ளப் பூசாரி இல்லை. மனம் புண்பட்டதென்று வழக்குத் தொடர ஆளில்லை. அந்த ஆராய்ச்சிக் கண்ணோடு மேற்கு மலையின் அடிவாரத்திலே விரிந்து கிடக்கும் நம் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்ப்போமானால், ஒரு புதிய தெய்வம் நம் கண்ணெதிரிலேயே பிறந்து வளர்ந்துகொண்டிருப்பது தெரியும். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கிரேக்கரின் சமயத்திலே, இதுதான் மறை, இதை மறுப்பவன் பாவி என்று சொல்லத்தக்க ஒரு நூல் இருந்ததில்லை. ஊருக்கு ஊர் தெய்வம், தெய்வத்துக்குத் தெய்வம் கதை, கதைக்குக் கதை விழா — அதுவே சமயம். ஹோமரும் ஹீசியடும் பாடியவையே கடவுளரின் வரலாறு. அந்த வரலாற்றிலோ கடவுளர் பொய்யுரைத்தனர், பொறாமையில் வெந்தனர், பிறன்மனை புகுந்தனர். அதைக் கண்டு முகஞ்சுளித்தவர்களும் அந்த மண்ணிலேயே தோன்றினர் என்பதுதான் கிரேக்கத்தின் தனிப்பெருமை.

கி.மு. ஆறாம் நூற்றாண்டிலே செனோஃபனிஸ் என்னும் அறிஞர், கறுத்த மக்கள் கறுத்த கடவுளையும், சிவந்த முடியுடையார் சிவந்த முடியுடைய கடவுளையும் வணங்குவதைச் சுட்டிக்காட்டினார். மாடும் குதிரையும் ஓவியம் தீட்டக் கற்றிருந்தால் அவை எந்த உருவிலே கடவுளைத் தீட்டும் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். அடுத்த நூற்றாண்டிலே புரோடிகஸ் என்பவர் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். மனிதனுக்கு எது பயன்பட்டதோ அதையே அவன் கடவுளாக்கினான். கதிரவன், நிலவு, ஆறு, ஊற்று எல்லாம் அப்படியே. சோறளித்த தானியம் டெமீட்டர் ஆயிற்று, களிப்பளித்த திராட்சை மது டயோனிசஸ் ஆயிற்று என்றார். கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த யூஹிமெரஸ் ஒரு கதை கட்டினார். இந்தியக் கடலிலே பங்கேயா என்று ஒரு தீவாம். அத்தீவின் கோயிலிலே ஒரு பொற்றூணாம். அதிலே ஜீயஸும் அவன் தந்தையும் பாட்டனும் முன்னொரு காலத்தில் வாழ்ந்த அரசர்கள் என்று பொறித்திருக்கிறதாம்! தீவு கற்பனை, தூண் கற்பனை. கருத்து மட்டும் கற்பனையன்று: கடவுளாக வணங்கப்படுகிறவர் ஒரு நாள் மனிதராக நடமாடியவரே என்பதுதான் அந்தக் கருத்து.

இப்படிப் பேசியவர்களுக்கு ஏதென்ஸ் பூமாலை சூட்டவில்லை. கதிரவன் கடவுளல்லன், நெருப்பாய்க் கனலும் பெரும்பாறை என்று சொன்ன அனக்ஸகோரஸ் நகரை விட்டே போக நேர்ந்தது. ஊர்க் கடவுளரை ஏற்கவில்லை, இளைஞரைக் கெடுத்தார் என்ற குற்றச்சாட்டின் மீது, கி.மு. 399-இல் சாக்ரடீஸ் நஞ்சுண்டு மாண்டார். நஞ்சு கொடுத்த கடவுளர் மறைந்தனர். நஞ்சுண்ட கிழவர் நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் வாழ்கிறார்!

யூஹிமெரஸ் கற்பனைத் தீவிலே தேடிய கல்வெட்டு நம் மாவட்டத்திலேயே, வைகைக் கரையிலேயே கிடைத்திருக்கிறது. ஆண்டிபட்டி வட்டத்திலே புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். கோம்பை என்று முடிவதால் நம் ஊருக்குப் பெயரளவில் உறவு. அங்கே 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழி எழுத்துப் பொறித்த அக்கற்கள் கிறித்துவுக்கு முற்பட்டவை என்றும், இந்தியாவில் கிடைத்த எழுத்துடைய நடுகற்களிலே மிகப் பழையவை என்றும் ஆய்வாளர் மதிக்கின்றனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளிலே, அதாவது ஆநிரை கவரும் பூசலிலே, மாண்ட தீயன் அந்தவன் என்னும் வீரனுக்காக எடுத்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கல்லிலே உருவம் இல்லை; கையிலே வாளில்லை; தலையிலே ஒளிவட்டம் இல்லை. இருப்பது எழுத்து மட்டுமே. யார் மாண்டான், எவ்வூரான், எதற்காக மாண்டான் — இவ்வளவுதான் செய்தி. படையல் இட்டிருக்கலாம், ஆனால், கல் பேசுவது மனித மொழி. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல நடுகல்லிலே உருவம் ஏறிற்று. உருவத்தின் கையிலே படைக்கலம் ஏறிற்று. பெயர் மறந்த பிறகு கல்லுக்குப் பொட்டு வைத்தனர், எண்ணெய் வார்த்தனர், கிடா வெட்டினர். இன்று எத்தனையோ ஊர் எல்லையிலே காவல் தெய்வமாக நிற்கும் கல்லின் பின்னே, பெயரிழந்த மனிதன் ஒருவன் நிற்கிறான்!

கிரேக்கத்திலும் இதே கதைதான். போரிலே மாண்டவன், ஊரை நிறுவியவன், பேராற்றல் காட்டியவன் ஆகியோரின் கல்லறைக்கு மதுவும் பாலும் தேனும் ஊற்றினர். ஆடு பலியிட்டுக் குருதியை மண்ணிலே சொரிந்தனர். நம்மவர் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்தது போலத்தான். அதியமானின் நடுகல் முன்னே நின்று, இந்தப் படையல் அவனைச் சென்று சேருமா என்று ஔவை ஐயுற்றுப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. நண்பனை இழந்த துயரிலும் அவர் அறிவு உறங்கவில்லை!

நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் படிநிலை வகுக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தைத் திறந்து பாருங்கள். காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை! ஆம், போரிலே மாண்ட வீரனுக்கு உரிய சடங்கினைக் கொண்டே கண்ணகியைத் தெய்வமாக்கினார் இளங்கோ. அந்தத் தெய்வத்தின் கோட்டம் நம் கூடலூருக்கு மேலே, மலை முகட்டிலே, மங்கலதேவி என்ற பெயரோடு நிற்கிறது. அதுவே சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி கோட்டம் என்று 1963-இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்டுரைத்தார். ஆண்டுக்கொரு நாள், சித்திரை முழுநிலவன்று, இரு மாநிலத்து மக்களும் அங்கே ஏறிச் செல்கின்றனர்.

செல்கிறவர்கள் கேட்பது என்ன? பிள்ளை வரம், திருமண வரம், மழை வரம்! சிலம்பிலே கண்ணகி வரம் கொடுக்கும் பகுதி ஒன்று உண்டு. வரந்தரு காதை என்று பெயர். அதுதான் நூலின் கடைசி. ஆனால், அவள் பெருமை அதிலா இருக்கிறது? வழக்குரை காதையில் அன்றோ இருக்கிறது! ஊர் பேர் அறியாத ஒரு பெண், அரசவைக்கு நடந்து சென்று, அரியணையை நிமிர்ந்து நோக்கி, நீதி தவறினாய் என்று சான்று காட்டி மெய்ப்பித்தாளே — அந்தக் கண்ணகியிடம் நாம் எதையும் வேண்ட முடியாது. கற்றுக்கொள்ள மட்டுமே முடியும். வழக்குரைத்தவளை வரம் தருபவளாக்கினோம்; அத்துடன் அவள் கேட்ட கேள்வி நம்மை விட்டு நீங்கிற்று. தெய்வத்திடம் கைகூப்பலாம், தெய்வத்தைப் போல நடக்க எவனும் கடமைப்பட்டவன் அல்லன். இதுதான் தெய்வமாக்குவதிலே உள்ள வசதி!

கிரேக்கத்து மருத்துவக் கடவுள் ஒருவர் உண்டு, அஸ்க்ளீப்பியஸ் என்று. ஹோமரின் இலியட் காவியத்திலே அவர் கடவுள் அல்லர். குறையற்ற மருத்துவர் மட்டுமே. அவர் மக்கள் இருவர் படையிலே காயத்துக்கு மருந்திடும் வைத்தியர்கள். காலம் செல்லச் செல்ல மருத்துவர் கடவுளானார். எபிடாரஸ் நகரிலே பெருங்கோயில் எழுந்தது. நோயாளிகள் கோயிலிலே படுத்துறங்கி, கனவிலே கடவுள் வந்து தொடுவாரென்று காத்திருந்தனர். கி.மு. 430-இல் ஏதென்ஸைக் கொள்ளை நோய் தாக்கிற்று. தலைவர் பெரிக்ளிஸே பலியானார். நோயுற்றுப் பிழைத்த வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் நோயின் குறிகளை ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார். கோயில்களில் செய்த வேண்டுதல் எதுவும் பயன்படவில்லை என்பதையும் எழுதினார். ஆயினும் கி.மு. 420-இல் ஏதென்ஸ் செய்தது என்ன? அஸ்க்ளீப்பியஸுக்குக் கோயில் எடுத்தது! அதே நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான், ஹிப்போக்ரடிஸ் வழி வந்த மருத்துவ நூலொன்று, வலிப்பு நோய் தெய்வக் குற்றம் அன்று, மூளையிலே தோன்றும் நோய் என்று எடுத்துரைத்தது. கோயிலும் நூலும் ஒரே காலத்துப் பிறவிகள். நம் மக்களோ நெடுங்காலம் அம்மையை அம்மனின் வரவென்றே நம்பினர். வீரபாண்டியிலே தீச்சட்டி ஏந்தினர். 1796-இல் ஜென்னர் கண்ட அம்மைப்பால் ஊர் ஊராய் வந்து சேர்ந்தது; 1980-இல் உலகிலே பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தீச்சட்டி தொடர்கிறது, ஜென்னரின் பெயரைக் கேட்டால் நம் வகுப்பிலே இரண்டு கைகள் உயர்கின்றன.

இனி, நாம் சொல்ல வந்த தெய்வத்துக்கு வருவோம். அதற்கு முன் ஹெராக்ளிஸின் கதையை ஒரு முறை கேட்க வேண்டும்.

ஹெராக்ளிஸ் மனிதத் தாயின் மகன், தோள்வலியாலே கடவுளானவன். ஓர் அரசனின் மாட்டுத் தொழுவத்திலே ஆண்டாண்டாய்க் குவிந்த சாணத்தை ஒரே நாளில் அகற்ற வேண்டும் என்பது அவனுக்கு இட்ட வேலைகளில் ஒன்று. இரண்டு ஆறுகளைத் திருப்பித் தொழுவத்துக்குள் பாயவிட்டு, ஒரே நாளில் முடித்தானாம்! எங்கெல்லாம் வியத்தகு வாய்க்காலோ வடிகாலோ இருந்ததோ, அங்கெல்லாம் அவன் பெயரை ஒட்டிவிட்டனர் கிரேக்கர். ஃபெனியஸ் என்னும் ஊரிலே ஆற்றுக்கு வெட்டிய கால்வாயை ஹெராக்ளிஸ் வெட்டியது என்றே ஊரார் கூறினர் என்று பயண நூலாசிரியர் பாசனியஸ் எழுதியிருக்கிறார். சித்திய நாட்டிலே பாறையில் இரண்டு முழ நீளக் காலடி ஒன்றை ஹெராக்ளிஸின் அடி என்று காட்டினராம். இது ஹெரோடோட்டஸ் தரும் செய்தி. சிரிக்க வேண்டாம், தோழர்களே! நம் ஊருக்கு மேலே இராமக்கல் மெட்டு இருக்கிறது. சீதையைத் தேடி வந்த இராமன் கால் பதித்த கல் அது என்ற கதையும் இருக்கிறது. சந்திரகுப்தன் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், ஹெராக்ளிஸுக்குப் பண்டேயா என்றொரு மகள் இருந்தாள், தென்னாடு அவளுடையது என்று எழுதி வைத்தார். பாண்டிய நாட்டைப் பற்றிய செய்திதான் அப்படி உருமாறிற்று என்பர் ஆய்வாளர். எந்த நாட்டுக் கதையானாலும் தன் நாட்டுத் தெய்வத்தோடு முடிச்சுப் போடுவது மனித வழக்கம்.

கோபாய்ஸ் என்னும் கிரேக்கச் சமவெளியிலே அகழ்ந்து பார்த்தபோது, கி.மு. பதினான்கு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளிலேயே ஏரி நீரை வடித்து வயலாக்குவதற்காகக் கட்டிய கரைகளும் கால்வாய்களும் வெளிப்பட்டன. எத்தனை கைகள் மண் சுமந்திருக்கும்! எத்தனை பேர் நீரளவு பார்த்துக் கோடு கிழித்திருப்பர்! ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஹெராக்ளிஸ் பெயர் மட்டும் உலகுக்கே தெரியும். தெய்வம் தனியே செய்கிறது; மனிதர் கூடிச் செய்கின்றனர். ஒரு வேலையைத் தெய்வத்தின் கணக்கில் எழுதிய அன்றே, கூடிச் செய்தவர் அத்தனை பேரும் ஏட்டிலிருந்து நீக்கப்படுகின்றனர்.

நம் பள்ளத்தாக்கிலும் ஆறு திருப்பப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பிய வேலை அது. தாது ஆண்டுப் பஞ்சம் என்று முதியோர் இன்றும் கூறும் 1876–78 பஞ்சத்திலே எலும்பும் தோலுமாய்ச் செத்து விழுந்தது இத்தமிழகம். அதன் பின் 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் காரையால் எழுந்த அணை. உயரம் 176 அடி, நீளம் 1,200 அடி. வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போயிற்று; மீண்டும் கட்டினர். பொறுப்பேற்று நின்ற பொறியாளர் ஜான் பென்னி குயிக். 1841-இல் புனேயிலே பிறந்து, 1911-இல் இங்கிலாந்திலே மறைந்தவர். இன்று கம்பம் பள்ளத்தாக்கிலே இருபோகம் விளையும் 14,707 ஏக்கருக்கும் அந்த அணைநீரே ஆதாரம். அவருக்கு நாம் நன்றி சொல்வதிலே நாணவேண்டியது ஒன்றுமில்லை, சொல்லாவிட்டால்தான் நாணவேண்டும்.

ஆனால், நன்றி எந்த எல்லை வரை சென்றிருக்கிறது? வீடுகளிலே, தேநீர்க் கடைகளிலே, கடவுளர் படங்களின் வரிசையிலே அவர் படம் தொங்குகிறது, ஊதுபத்தி புகைகிறது. பாலார்பட்டியிலே அவர் பெயரால் பொங்கல் வைக்கின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றனர். 2013-இல் லோயர் கேம்ப்பிலே மணிமண்டபம் எழுந்தது. தெய்வத்துக்குக் கதை வேண்டுமே, அதுவும் பிறந்துவிட்டது: அரசு பணம் தர மறுத்தபோது, சீமையிலே இருந்த தம் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையைக் கட்டி முடித்தாராம்! கேட்கும்போது உள்ளம் உருகுகிறது. அரசு ஏடுகளோ சென்னை மாகாண அரசின் பணத்திலேயே அணை எழுந்ததைக் காட்டுகின்றன. சொத்து விற்ற கதைக்கு அவற்றிலே சான்றில்லை என்பதை வரலாற்றாய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த செயல்; ஆவணம் உண்டு, கணக்கு உண்டு, ஒளிப்படம் உண்டு; இத்தனைக்கும் நடுவே இப்படி ஒரு கதை முளைத்து மரமாயிற்றென்றால், எழுத்தே பரவாத காலத்தில் ஜீயஸின் கதை எப்படி வளர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

கதை வளர்ந்தால் என்ன கெட்டுவிட்டது என்பீர்கள். கெட்டது என்ன என்று சொல்கிறோம். மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று 1789-இலேயே எண்ணிப் பார்த்தவர் ஒரு தமிழர். இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை. பொருள் போதாமையால் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1867-இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் தீட்டினார். அவர்கள் நட்ட விதையிலிருந்து வந்ததே பென்னி குயிக்கின் அணை. அவர்கள் படம் எந்தத் தேநீர்க் கடையிலே தொங்குகிறது? காட்டுக் காய்ச்சலிலும் பிற நோயிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர் செத்தனர். அணைக்கு அருகே அவர்களின் இடுகாடு இருக்கிறது. அவர்களுக்கு எந்த ஊரிலே பொங்கல்? ஹெராக்ளிஸ் தனியே ஆற்றைத் திருப்பினான். பென்னி குயிக்கும் தனியே திருப்பினார்! கோபாய்ஸின் கூலியாட்களுக்கு நேர்ந்தது பெரியாற்றின் கூலியாட்களுக்கும் நேர்ந்துவிட்டது.

கிரேக்க வரலாற்றிலே இதற்கு இன்னும் நெருங்கிய சான்று உண்டு. ஆம்ஃபிபொலிஸ் என்னும் நகரை கி.மு. 437-இல் நிறுவியவர் ஏதென்ஸைச் சேர்ந்த ஹக்னான். பின்னர் அந்நகரத்தார் ஏதென்ஸைப் பகைத்துக்கொண்டனர். கி.மு. 422-இல் அந்நகரைக் காத்து நின்ற ஸ்பார்ட்டாவின் படைத்தலைவன் பிரசிடாஸ் போரிலே மாண்டான். அயலானாகிய அவனுக்கு நகரின் நடுவே கல்லறை எழுப்பி, ஆண்டுதோறும் பலியும் விளையாட்டு விழாவும் நடத்தினர். அவனே நகரை நிறுவியவன் என்றும் அறிவித்தனர். ஹக்னானின் நினைவாக நின்ற கட்டடங்களை இடித்துத் தள்ளினர்! அந்த வழிபாட்டிலே நன்றியும் இருந்தது. அன்றைய பகைமையும் இருந்தது. நம் அணையின் நீர்மட்டம் 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. நெடும் வழக்குக்குப் பின் 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த உரிமைப் போராட்டத்திலே பென்னி குயிக்கின் படமும் ஒரு கொடியாயிற்று. உரிமை நம்முடையது, அதை ஒப்பந்தமும் சட்டமும் கணக்கும் காக்கும். படத்துக்குக் காட்டும் சூடம் ஓர் அங்குல நீரையும் உயர்த்தாது.

மாண்டவரைத் தெய்வமாக்கப் பழகிய கை, வாழ்கிறவரைத் தெய்வமாக்கவும் கூசாது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் முடிவிலே லைசாண்டர் என்னும் ஸ்பார்ட்டத் தளபதி உயிரோடு இருக்கும்போதே அவனுக்குப் பலிபீடம் எழுப்பினர். சாமோஸ் தீவார், ஹீராவின் விழாவுக்கே அவன் பெயரைச் சூட்டினர். கி.மு. 307-இல் டெமட்ரியஸ் என்னும் மாசிடோனியனை, காக்கும் கடவுளே வருக என்று ஏதென்ஸ் வரவேற்றது. அதீனாவின் கோயிலிலேயே அவனைக் குடிவைத்தது. சாக்ரடீஸ் நடந்த தெருவிலே இந்தக் கூத்து! கி.மு. 301-இல் இப்சஸ் போரிலே அவன் தோற்றான். திரும்பி வந்த கடவுளுக்கு அதே ஏதென்ஸ் கதவடைத்தது.

இது கடல் கடந்த நாட்டுக் கதை மட்டுமன்று. நாம் தடுத்திருக்கும் இதே பெரியாறு கடலில் கலந்த முகத்துவாரத்தை அடுத்துத்தான் முசிறித் துறைமுகம் இருந்தது. மிளகு ஏற்றிச் செல்ல யவனர் கப்பல்கள் வந்த இடம். பழைய ரோமானிய வழிப்படம் ஒன்று, முசிறிக்கு அருகே அகஸ்டஸ் கோயில் என்று குறித்திருக்கிறது. அகஸ்டஸ் யார்? ரோமாபுரியை ஆண்ட மனிதன்! ஆற்றின் அடியிலே அந்நாள் ஒரு வேந்தனுக்குக் கோயில்; ஆற்றின் தலையிலே இந்நாள் ஒரு பொறியாளருக்குச் சூடம். இடையிலே இரண்டாயிரம் ஆண்டுகள் ஓடியும், மனிதன் கைகூப்பும் வழக்கம் மாறவில்லை. திரை நடிகரின் கட்டவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்யும் இளைஞனும், தலைவரின் காலில் விழுந்து எழுந்து மார்தட்டிக்கொள்ளும் தொண்டனும், ஏதென்ஸின் அந்தத் தெருவிலே நின்றவர்களே. பகுத்தறிவு பேசுகிறவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோயில் சிலைக்கு முன்னே கேள்வி கேட்டுவிட்டு, தலைவர் சிலைக்கு முன்னே கேள்வியை மறந்தால், நாம் கடவுளை மாற்றினோமே தவிரக் கருத்தை மாற்றவில்லை.

அப்படியானால் நன்றியையே விட்டுவிடலாமா? கூடாது. நன்றி மறந்த சமுதாயம் நாளைய உழைப்பாளிக்கு ஊக்கம் தராது. நன்றி வேறு, வழிபாடு வேறு. நன்றி, செய்தவரை அறிய விரும்பும். எப்படிச் செய்தார், யார் யார் துணை நின்றனர், எங்கே தவறினார் என்று கேட்கும். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். வழிபாடு கேட்காது; கேட்பவனையும் விடாது.

ஆகவே, இளைஞர் மன்றங்களுக்கு நம் வேண்டுகோள் இது. தை பிறக்கும்போது பென்னி குயிக்குக்குப் பொங்கல் வையுங்கள், தடையில்லை. பொங்கல் பானை பொங்குகிற நேரத்திலே, சூடம் காட்டுவதற்குப் பதிலாக, அந்த அணை எழுந்த வரலாற்றை ஊரார் கேட்கப் படியுங்கள். முத்திருளப்ப பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். மேற்கு நோக்கிய ஆறு கிழக்கே எப்படி வந்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் மண்ணிலே மலையும் சுரங்கமும் செய்து காட்டட்டும். காய்ச்சலில் மாண்ட தொழிலாளருக்கு, ஊர்ப் பொதுவிடத்திலே ஒரு கல் நடுங்கள்.

அந்தக் கல்லிலே உருவம் வேண்டாம். மாலை மாட்ட ஆணி வேண்டாம். விளக்கு வைக்க மாடம் வேண்டாம். புலிமான்கோம்பையிலே நம் முன்னோர் நட்ட கல்லைப் போல எழுத்து மட்டும் போதும். யார், எவ்வூரார், எந்த வேலையிலே மாண்டனர் — அவ்வளவே. கடவுளரை இழந்த கிரேக்கத்திலே தூசிடிடிஸின் எழுத்து பிழைத்தது. தீயன் அந்தவனை இரண்டாயிரம் ஆண்டு காத்துக் கொடுத்ததும் எழுத்தே. ஒலிம்பஸின் உச்சியிலே எவரும் இல்லை. பெரியாற்று அணையின் அடியிலே மனிதர் இருக்கின்றனர். அவர்களைக் கல்லிலே எழுதுவோம்.